நாங்களே போன் பண்ணிச் சொன்ன தவறுகள்

கார் சர்வீஸ் சென்டரின் கவுண்டரில் நிற்பவருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பேச்சு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே யாரோ ஒருவர் மறப்பார். வெளியே நின்று பாட்டு வாங்குவது நாம். வங்கியோ, ஜவுளிக்கடையோ, எங்கே கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தாலும் உங்களுக்கு இது புரியும். சர்வீசுக்கு விடும்போது காரில் இல்லாத சத்தத்தைத் திரும்ப எடுத்தபோது கேட்டவர்களுக்கும் புரியும். அந்தப் பக்கம் நீங்கள் பட்ட பாட்டை இந்தப் பக்கம் நான் பட்டேன்.

தேனியில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் 1999 முதல் 2010 வரை அட்வைசராக இருந்தேன். கார் வந்தால் குறையைக் கேட்டு ஜாப் கார்டு எழுத வேண்டும், வேலை முடிந்தால் சாவியைக் கொடுக்க வேண்டும், நடுவில் யார் கத்தினாலும் சிரிக்க வேண்டும். இந்த மூன்றாவது எனக்கு வரவே வராது. மூக்குக்கு மேல் கோபம் வரும். இருந்தும் பதினோரு வருஷம் நின்றேன். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

மூடி

சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் சர்வீஸ் முடிந்த காரை மனைவியோடு வந்து எடுத்துப் போனார். அவர் போய் அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால், வேலை மேஜை மேல் ஒரு கறுப்பு மூடி கிடக்கிறது. எஞ்சினில் ஆயில் ஊற்றுகிற வாயை மூடும் மூடி. எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஃபோர்மேன் குமரேசன் அண்ணனிடம் காட்டினேன். "பேசாம இரு வசந்தி. ரெண்டு சொட்டு தெறிக்கும், அவரே கொண்டாருவாரு. நாமளா எதுக்கு வாயக் குடுக்கணும்?" என்றார். அந்தத் தோட்டக்காரரின் வீட்டு போன் நம்பர் ஜாப் கார்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. நான் பேசாமல்தான் இருந்தேன்.

சின்னமனூர் தாண்டியதும், சூடான எஞ்சின் மேல் ஆயில் தெறித்துப் பானெட்டிலிருந்து புகை கிளம்பியிருக்கிறது. கார் தீப்பிடித்துவிட்டது என்று பயந்துபோய், ஓடுகிற காரிலிருந்து குதிக்கக் கதவைத் திறந்துவிட்டார் அந்த அம்மா. நல்லவேளை, அதற்குள் கணவர் காரை நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் தோட்டக்காரர் மட்டும் வந்தார். திறந்து கிடந்த வாயில் வாழைமட்டையை மடித்துத் திணித்து, தன் துண்டைக் கிழித்து மேலே இறுக்கிக் கட்டியிருந்தார். எங்கள் மெக்கானிக் செய்ததைவிட அது ஒழுங்கான வேலை. டிராயரிலிருந்து மூடியை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை, என்னையே பார்த்தார்.

"மூடிய மறந்ததுக்குக் கோவம் இல்ல ஆத்தா. மூடி ஒங் கையில இருந்தும் ஒரு போன் போடலயே, அதுக்குத்தேன் வருத்தமா இருக்கு."

ரெண்டு வெள்ளைக் கார்

தோட்டக்காரர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு முறைத்துவிட்டு மறந்திருப்பேன். அவர் வருத்தப்பட்டது அவமானமாக இருந்தது. அன்றைக்கே ஒரு முடிவெடுத்தேன். இனி எங்கள் பக்கம் என்ன தவறு நடந்தாலும், காரின் சொந்தக்காரர் கண்டுபிடிப்பதற்குள் நானே போன் பண்ணிச் சொல்லிவிடுவது. குமரேசன் அண்ணன், "நம்ம மானத்த நாமளே தண்டோராப் போடணுமாக்கும்" என்று முணுமுணுத்தார்.

சோதனைக்கு ரொம்ப நாள் காத்திருக்கவில்லை. ஒரே நாளில் ஒரே மாடலில் இரண்டு வெள்ளைக் கார்கள் வந்தன. ஒன்று உத்தமபாளையத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் பாயுடையது, இன்னொன்று கெங்குவார்பட்டி வாத்தியாருடையது. சாப்பாட்டு நேரத்தில் சாவிகள் இடம் மாறிவிட்டன. காலையில் வாத்தியார் காருக்கு ஒரு மெக்கானிக் ஆயில் மாற்றியிருந்தார். மதியம் இன்னொருவர், அதுதான் பாய் கார் என்று நினைத்து, அதே காருக்கு மறுபடியும் மாற்றினார். நம்பர் பிளேட் என்று ஒன்று காரில் எதற்கு மாட்டியிருக்கிறார்களோ! பாயின் கார் பழைய ஆயிலோடு வீடு போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் கார்டுகளைச் சரிபார்த்தபோது குட்டு உடைந்தது. இருவருக்கும் போன் போட்டேன். பாய் விழுந்து விழுந்து சிரித்து, "நாளைக்கு வாரேம்மா" என்றார். வாத்தியார், "எனக்கே தீவாளிக்கு ஒரு எண்ணெக் குளியல்தேன், எங் காருக்கு ஒரே நாள்ல ரெண்டா?" என்றார். எனக்குக் கோபமெல்லாம் மதிய மெக்கானிக் மேல்தான். வடிகிற ஆயில் தங்கம் போலப் புதுசாக இருந்தபோதாவது சந்தேகம் வர வேண்டாமா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆயிலு இம்புட்டுச் சுத்தமா வடியுதே, பாயி காரை எப்பிடிப் பேணி வச்சிருக்காகண்டு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டுல்ல இருந்தேன்."

மலையில் மட்டும் வரும் சத்தம்

குமரேசன் அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மலை மேல் பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டின் சூப்பர்வைசர், காரில் 'டொக்' என்று ஒரு சத்தம் வருவதாக மூன்று முறை வந்தார். மூன்று முறையும் எங்கள் ஆட்கள் தேனி பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு 'குறை இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். நாலாவது முறை குமரேசன் அண்ணன் அவரையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலை ஏறினார். ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் 'டொக்'. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கிறது என்று அங்கேயே காதால் கேட்டுச் சொன்னார். இறங்கி வந்து பார்த்தால் அதேதான். அன்றிலிருந்து மலைக்காரர்களின் கார்களை மலையில்தான் ஓட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். வேறு எந்த ஊர் சர்வீஸ் சென்டரில் இப்படிச் செய்தார்கள் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். அந்த சூப்பர்வைசர் மட்டும் போகும்போது எங்களை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போனார்.

"வண்டிக்கு நோவு மலையில சாரே. நீங்க தேனியில உக்காந்து நாடி பிடிச்சா எப்படித் தெரியும்?"

மல்லிகை வாசம்

2006 வாக்கில் மதுரையிலிருந்து புது மேனேஜர் வந்தார். அப்போது கம்பெனியில் ஒரு புதுப் பழக்கம் தொடங்கியிருந்தது. சர்வீஸ் முடிந்த சில நாளில் சென்னை ஆபீசிலிருந்து ஒரு பெண் வாடிக்கையாளருக்குப் போன் பண்ணி, எங்களுக்கு எத்தனை மார்க் என்று கேட்பார். மார்க் குறைந்தால் மேனேஜருக்கு மண்டகப்படி. மார்க்கை ஏற்ற அவர் கண்டுபிடித்த வழி, ஒவ்வொரு காருக்குள்ளும் மல்லிகை சென்ட் அடித்துக் கொடுப்பது.

போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் வந்தார். பின் சீட்டில் துணிப்பைகளில் சாம்பிள் காய் இருந்தது. மறுநாள் ஏலத்தில் வாங்குகிறவர்கள் அதை நசுக்கி மூக்கில் வைத்துப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். எங்கள் ஆள் அந்தப் பைகளின் மேலேயே தாராளமாக அடித்துவிட்டார். அவர் காரை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உடனே அவர் கடைக்குப் போன் போட்டேன். "அந்தக் காய ஏலத்துல வச்சிராதீக, எங்க தப்பு, சென்ட் அடிச்சுட்டோம்" என்றேன். குடோனிலிருந்து வேறு சாம்பிள் எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னார். யார் யோசனை இது என்று கேட்டார், சொன்னேன்.

"எங் காய்க்கு அது வாசமே போதும் தாயி. ஒங்க மேனேசருக்கு அம்புட்டு ஆசைண்டா அவரு தலையில ரெண்டு மொழம் வச்சுவிடு."

ஸ்பானர் போட்டேனா?

இந்தப் பதில் எப்படியோ மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. எனக்கு ஒரு மெமோ வந்தது. வாடிக்கையாளர் கேட்காமல் நாமாக எந்தக் குறையையும் சொல்லக் கூடாது, மீறினால் வேலை இருக்காது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பயமாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் முன் பிரேக்கைப் புதிதாக மாற்றிக்கொண்டு கிளம்பினார். காரில் மகளும் கைக்குழந்தையும். குமுளியில் மகளின் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் குமரேசன் அண்ணன் கவுண்டருக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "வசந்தி, பிரேக் போல்ட்ட கையால திருகுனேன். அப்பப் பாத்து ஒருத்தன் கூப்புட்டான். திரும்பி வந்து ஸ்பானர் போட்டு முறுக்குனேனாண்டு ஞாபகம் வரமாட்டேங்குது. நீ போன் போடு." மானத்தைத் தண்டோராப் போடாதே என்ற அதே மனிதர்.

பாயின் செல்போன் கிடைக்கவில்லை. அதற்குள் மேனேஜர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, போன் மேல் கையை வைத்தார். "சந்தேகத்துக்கெல்லாம் போன் பண்ணா கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான். பேசினா நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார். "போறேன் சார், பேசிட்டுப் போறேன்" என்று அவர் கையை எடுத்துவிட்டு, பாயின் வீட்டுக்கு அடித்தேன். அவர் மனைவி எடுத்தார். "அவுக கூடலூர்ல எங் கொழுந்தன் கடையில நின்னு டீ குடிச்சிட்டுத்தேன் மலை ஏறுவாக" என்று சொல்லி அந்தக் கடை நம்பரையும் கொடுத்தார். அங்கே போன் போட்டதும் பாயின் தம்பி போய் ரோட்டிலேயே நின்றுகொண்டார். கார் வந்ததும் மறித்து நிறுத்தினார்.

குமரேசன் அண்ணன் பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். டூல்ஸ் பை மடியில். கூடலூர் போய்ச் சேர்ந்தோம். கடை வாசலில் குழந்தை அழுதுகொண்டிருந்தது, மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் வீலைக் கழற்றி, போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு இழுத்தார். அசையவில்லை. அடுத்தது. அதுவும் அசையவில்லை. மற்ற வீலையும் கழற்றிப் பார்த்தார். எல்லாமே கல்லாக இறுகியிருந்தது. ஒரு தவறும் நடக்கவே இல்லை. பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். குமரேசன் அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கை மறக்கல வசந்தி. இந்த மண்டதேன் மறந்துருச்சு."

மார்க்

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ராஜினாமாவை நீயே எழுதிக் கொடுத்தால் உனக்கும் மரியாதை என்றார். நானாக எழுத மாட்டேன், வேண்டுமானால் நீங்கள் அனுப்புங்கள் என்றேன். "பாயோட மார்க் வரட்டும். அதையும் சேர்த்து அனுப்புறேன்" என்றார். பொய் சொல்ல மாட்டேன், அந்த வாரம் முழுக்க வேறு வேலைக்கு மனசுக்குள் இடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் போன் பண்ணியதற்காக ஒரு நிமிஷம்கூட வருத்தப்படவில்லை. குமரேசன் அண்ணன் மட்டும் தினமும் இரண்டு தடவை வந்து, "வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வந்தது. மேனேஜர் அந்தத் தாளைக் கவுண்டருக்குக் கொண்டு வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் நின்றபடியே படித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தையோடு ரோட்டோரம் காத்துக் கிடந்த மனிதர் எங்களுக்கு முழு மார்க் போட்டிருந்தார். கீழே, அவர் சொன்னதைச் சென்னைப் பெண் அப்படியே டைப் அடித்திருந்தார். மேனேஜர் அதை முதலில் மனதுக்குள் படித்தார், பிறகு வாய்விட்டுப் படித்தார், பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார். ராஜினாமாப் பேச்சை அதன்பிறகு அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பாய் சொன்னது இதுதான்:

"செய்யாத தப்புக்கே மலையடிவாரம் வரைக்கும் ஓடியாந்து சொல்றாக, செஞ்சிருந்தா மறைப்பாகளா? எங் காரு இனி அங்கனதேன் போகும்."

பதினோரு வருஷத்தில் நாங்கள் எத்தனையோ தவறு செய்து, ஒவ்வொன்றையும் திருத்திக் கொடுத்திருக்கிறோம். ஆனால் எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது என்னவோ, நாங்கள் செய்யாமல் விட்ட அந்த ஒரே ஒரு தவறுதான்.