அக்காவுக்கு அறுபத்தெட்டு ஸ்பிரிங்

கீபோர்டு கோத்துக் கொடுக்கும் தொழிலில், என்ன வேண்டும் என்பது வாடிக்கையாளருக்கே தெரியாது. விலை எத்தனை வெள்ளிக்கு மேல் போகக் கூடாது என்பது மட்டும் ரொம்பத் தெளிவாகத் தெரியும். பெட்டி தனி, சுவிட்ச் தனி, எழுத்து மூடி தனி என்று வாங்கி, முதுகு வளைய உட்கார்ந்து கோத்த, கீபோர்டுப் பைத்தியம் பிடித்த சக நோயாளிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வயது பதினேழு. ரிங்லெட் டவுனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. இதுவரை எனக்கு வாய்த்த ஒரே முழு வாடிக்கையாளர் என் அக்கா ஸ்டெல்லா.

வாயால் ஒரு சாம்பிள்

அக்கா தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கு எழுதுகிறாள். எடையைத் தானே பதிந்துகொள்ளும் தராசு வந்துவிட்டதால் அந்த வேலை சீக்கிரமே போகப்போகிறது. வீட்டிலிருந்தே டைப் செய்ய ஒரு கோலாலம்பூர் கம்பெனி ஆள் எடுத்தது. நிமிடத்துக்கு அறுபது வார்த்தை வர வேண்டும். பாதி எழுத்து தேய்ந்த பழைய கீபோர்டில் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வந்தது. பாஸானால் எங்களோடு இருப்பாள். இல்லாவிட்டால் சிரம்பானில் சித்தி வீட்டில் தங்கி ஃபேக்டரி வேலை. பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

எழுத்து மூடிக்கு அடியில் இருக்கும் சுவிட்சைத் தட்டிப் பார்த்து வாங்க இந்த மலையில் எனக்குத் தெரிந்து கடை கிடையாது. அதனால் நானே வாயால் சாம்பிள் கொடுத்தேன். கனமான சுவிட்சுக்கு, எங்கள் மானேஜர் துரை பலகைத் தரையில் பூட்ஸோடு நடந்து வருகிற மாதிரி 'தொக், தொக்', நடுவில் ஒரு செருமல். லேசான சுவிட்சை, சளி பிடித்த பூனை தும்முகிற மாதிரி செய்தேன். வேண்டுமென்றேதான். எனக்குப் பிடித்தது கனமானது. அக்கா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"துரை நடக்கிறதையே போட்டுருடா. அந்தப் பூனை நமக்கு வேணாம்லா."

இருநூறு வெள்ளி

அக்கா இருநூறு வெள்ளி கொடுத்தாள், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்றாள். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கூட்டினேன், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டபோதுதான் சுவிட்சுக்கு எண்ணெய், ஸ்பேஸ் பாரைத் தாங்கும் கம்பி, வயர், தபால் கூலி எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. இரும்புப் பெட்டியை பிளாஸ்டிக் ஆக்கினேன். கலர் மூடியைக் கறுப்பு மூடி ஆக்கினேன். அப்படியும் இருபது வெள்ளி இடித்தது.

அப்பா கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறார். அவருக்குப் போன் போட்டு, அக்கா குரலில், அவள் இழுக்கிற அதே இழுப்போடு, "அப்பா, ஒரு இருபது வெள்ளி இருக்குமாப்பா" என்றேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"ஸ்டெல்லா என்கிட்ட காசே கேக்க மாட்டா. அதையே உன் குரல்ல கேளுடா ஜோயல், தர்றேன்."

பாய் காப்பாற்றிய பார்சல்

லயம்வரை பார்சல்காரர் வர மாட்டார். எங்கள் சாமான் எல்லாம் டவுனில் பாய் சாப்பாட்டுக் கடைக்குத்தான் வரும். பாய் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பார். சுவிட்ச் இன்றைக்கு வந்திருக்கும் என்று ஓடினேன். வந்திருந்தது. பாய் அதைத் திருப்பி அனுப்பியும் இருந்தார்.

உபரி இரண்டோடு எழுபது சுவிட்சை ஒரே பையில் கொட்டி அனுப்பினால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். பாய்க்குத் தெரியாது. போய்த் திரும்பி வர பதினேழு நாள் பிடித்தது. திருப்பி அனுப்பியதைக் கேட்டு அன்றைக்கு நான் நின்ற நிற்பைப் பார்த்து, கேட்காமலேயே ஒரு ரொட்டியைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"ஆட்டிப் பாத்தேன் தம்பி, உள்ள அம்புட்டும் ஒடஞ்சு கலகலன்னுச்சு. ஒடஞ்ச சாமானுக்கு நான் கையெழுத்து போட்டுருவேனா, நீ நல்லா சாப்பிடு."

ஐம்பத்தைந்து நாற்பத்தெட்டானது

ஒரு வழியாகக் கோத்துக் கொடுத்தேன். சத்தம் பிரமாதம், துரை பூட்ஸேதான். ஆனால் அரை மணி தட்டியதும் அக்கா விரலை உதறினாள். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி இறக்க வேண்டியிருந்தது. வேகம் நாற்பத்தெட்டுக்கு இறங்கியது. பரீட்சைக்கு எட்டு நாள். மூன்றாம் நாளும் அதே நாற்பத்தெட்டு வந்தபோது, பூனையை நான் வேண்டுமென்றே கெடுத்ததைச் சொல்லிவிட்டேன். எந்தக் குரலிலும் சொல்ல வரவில்லை, என் குரலில்தான் சொன்னேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"சிரிச்சுக்கிட்டே காசைக் கொடுத்தது நான்தானே. எத்தனை நாள்ல மாத்துவ, அதைச் சொல்லு."

அம்மா கங்காணி

புது சுவிட்ச் வாங்கப் பணமில்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாம். லேசான ஸ்பிரிங் பதினெட்டு வெள்ளி, என் காசு. இந்தத் தடவை பாயிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன், இரண்டே நாளில் கைக்கு வந்தது. ஆனால் அறுபத்தெட்டு சுவிட்சையும் நகத்தால் நெம்பித் திறக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு திறந்தேன், இரண்டு நகம் போனது.

அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து, பூட்ஸைக் கழற்றி, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தார். டக். அடுத்தது. டக். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. பழைய ஸ்பிரிங் ஒரு கிண்ணத்தில், புதியது இன்னொன்றில். சோறு வேகும் நேரத்துக்குள் மிச்சம் ஐம்பத்தாறும் திறந்து கிடந்தன. அதற்குப் பிறகு தோட்டத்துக் கங்காணி மாதிரி என் வேலையை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார்.

"ரெண்டு கையையும் போட்டு செய்டா. ஒத்தக் கையில கிள்ளுறவனுக்கு எங்க மலையில நாள் கூலிக்குப் பேரு போட மாட்டாங்க."

அறுபத்திரண்டு

பரீட்சை வீடியோ காலில் நடந்தது. அக்கா என்னை அறைக்குள் விடவில்லை. காரணம் சொல்லவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தேன். சத்தம் இப்போது மெலிதாக, தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிடம். அம்மா அடுப்படியில் எதையோ கழுவுவதை நிறுத்திவிட்டு நின்றார். அறுபத்திரண்டு. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்பீக்கரில் கம்பெனி மேடத்தின் குரல் கணீரென்று வந்தது.

"வாழ்த்துகள் மிஸ் ஸ்டெல்லா, திங்கக்கிழமை லேப்டாப்பும் கீபோர்டும் அனுப்பிடுறோம், கம்பெனி சாமான்லதான் வேலை செய்யணும், சொந்த கீபோர்டு யூஸ் பண்ணக் கூடாது."

அடுத்தவருக்காகக் கணக்குப் பார்த்துச் செய்கிற கீபோர்டில் கடைசியில் நாமேதான் தட்ட வேண்டிவரும் என்பதால், சக நோயாளிகளே, பெட்டியையாவது இரும்பில் போட்டுவிடுங்கள்.