தலைக்கட்டுப் பட்டியல்

குரும்பலூர் பக்கத்துல எங்க ஊரு. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும்போது ஊர்க் குடும்பங்களோட தலைக்கட்டுப் பட்டியலை நான்தான் வாசிப்பேன். பேரைக் கூப்பிட்டா, அந்தக் குடும்பத்துத் தலைவர் வந்து திருநீறு வாங்கிக்கணும்.

பழனியாண்டி பேரை ஒரு தடவைகூட நான் வாசிச்சதில்ல. அவரோட தாத்தா இங்கேருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். பதினாலு வயசுல கப்பலேறித் திரும்பி வந்த பேரன், பதினெட்டுல பட்டாளத்துல சேர்ந்தார். இருபத்துநாலு வருசம் எல்லையில நின்னார். அங்க சொந்த ஊர்னு எங்க ஊரைத்தான் எழுதிக் குடுத்திருந்தார். ஊரோ, "சிலோன்காரனுக்கு ஏதுடா தலைக்கட்டு?"ன்னுச்சு.

வருசா வருசம் சலவைச் சட்டையோட கூட்டத்துல விறைப்பா நிப்பார். "இந்த வருசமாச்சும் சேத்திருக்கீங்களா தம்பி?"ன்னு கேப்பார். "அடுத்த வருசம் பாக்கலாங்க"ன்னு நானும் வாய் கூசாம சொல்வேன். ஒரு பேர் எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஊருக்குப் பயந்த பய நான்.

தை மாசம் அவர் செத்துட்டார். செத்தவங்க பேரை அடிச்சிட்டு மகன் பேரை எழுதறது வழக்கம். இந்த வருசக் காப்புக்கு முந்தி பேனாவும் கையுமா உக்காந்தேன். அடிக்கறதுக்குக்கூட அவர் பேர் அதுல இல்ல.