வாங்காத வாடிக்கையாளர்

செருப்பைக் கழற்றிக் கட்டிலடியில் ஜோடியாக விட்டுவிட்டு, கைப்பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மெத்தைக் கடையின் நட்டநடுவில் மல்லாந்து படுத்திருக்கிறாள் அவள். கண்கள் மூடியிருக்கின்றன. தூக்கம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். பதினேழில் தலைமாட்டில் ஒரு குரல் கேட்கிறது: "எப்படிம்மா இருக்கு, இடுப்புக்கு இதமா இருக்கா?" இருபதுக்குள் கேட்டுவிட்டால் நல்ல மதிப்பெண். கண்ணைத் திறக்காமலே பைக்குள் கையை விட்டு, இடப்பக்க அறையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து வலப்பக்க அறையில் போடுகிறாள்.

அவள் மெத்தை வாங்கப்போவதில்லை. எதையுமே வாங்கப்போவதில்லை. பெரிய கடைகளை நடத்தும் கம்பெனிகள், தங்கள் ஆட்கள் வாடிக்கையாளர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஓர் அலுவலகத்தை அமர்த்தியிருக்கின்றன. அந்த அலுவலகம் அவளைப் போன்றவர்களை வாடிக்கையாளர் வேஷத்தில் அனுப்புகிறது. முகம் பார்த்துச் சிரித்தாரா, என்ன தேவை என்று கேட்டாரா, பொய் சொல்லி விற்கப் பார்த்தாரா என்றெல்லாம் வீட்டுக்குப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். கடைக்குள் ஒரு வரி எழுதினாலும் குட்டு உடைந்துவிடும். அதனால்தான் ஏழு பொத்தான்கள், ஏழும் ஏழு அளவு. கோட்டுப் பொத்தான் என்றால் வரவேற்பு. குழந்தைச் சட்டையின் வெள்ளைப் பொத்தான் என்றால் பொறுமை. அலுவலகத்தில் அவளுக்குப் 'பொத்தான் அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவளுடைய கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். தொழில்முறையில் அவருக்கு மனைவியைவிட மோட்டார்மீது நம்பிக்கை அதிகம். "இன்னைக்கு யாரை ஏமாத்திட்டு வந்த?" என்றுதான் வாசலில் வரவேற்பார். சாப்பாடு பரிமாறிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். "இருபது எண்ணுறதுக்குள்ள கேட்டுட்டேன் பாரு. எப்படி இருக்கு குழம்பு? மார்க்கைப் போடு."

"சிரிக்காம கேட்டீங்க. பாதி மார்க்."

இந்த வேலைக்கு வருமுன் பத்தொன்பது வருஷம் அவள் ஒரு செருப்புக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தாள். வருகிறவர்களின் காலடியில் முழங்காலிட்டே இரண்டு முட்டியும் போயின. விற்றால்தான் கமிஷன். சம்பளம் வாடகைக்குச் சரியாய்ப்போகும். சோறு, துணி, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் கமிஷனில்தான் நடந்தது. ஒருநாள் நல்ல கூட்டத்தில் ஓர் அம்மாள் வந்து இருபத்திரண்டு ஜோடியை இறக்கிப் போடவைத்து, இரண்டு காலையும் மாற்றி மாற்றி நீட்டிவிட்டு, "சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்று எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு இவள் வாய்க்குள்ளேயே அவளுடைய ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தாள். இப்போது யோசித்தால் அவளுக்கே சிரிப்பு வருகிறது. "அந்தம்மாவும் என்னை மாதிரி ஆள்தானோ என்னமோ! அந்தத் திட்டெல்லாம் சுத்திக்கிட்டு எனக்கேல்ல வந்து சேரும்?"

அதனால் தனக்கென்று சில சட்டங்களை வைத்திருக்கிறாள். கூட்ட நேரத்தில் போவதில்லை. ஈ ஓட்டுகிற செவ்வாய்க்கிழமை முற்பகல்தான் அவள் நேரம். மேல்தட்டில் இருப்பதை எடுக்கச் சொல்வதில்லை. கடையில் குடிக்கக் கொடுப்பதைத் தொடுவதில்லை. சின்னதாக ஏதாவது இருந்தால், அந்த விற்பனையாளர் கையாலேயே கைக்காசு போட்டு ஒன்று வாங்கிக்கொள்வாள். வீட்டில் பதினோரு தலையணை உறைகள், ஷூவுக்குள் குதிகாலை நுழைக்கிற கரண்டிகள் நான்கு, திரைச்சீலை வளையங்கள் ஒரு டப்பா நிறைய. "ஜன்னல் ரெண்டு, வளையம் அறுபது" என்று கணவர் டப்பாவைக் குலுக்கிக் காட்டுவார். "மிச்ச ஜன்னலையும் நீயே வாங்கிட்டு வந்துடு, நான் சுவரை உடைச்சு வைக்கிறேன்."

எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. நிஜமாக வாங்குகிற ஆள் உள்ளே வந்தால் இவள் ஒதுங்கிக்கொள்வாள். "அவங்களப் பாருங்க தம்பி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் நடிப்பதில்லை.

அந்தச் சட்டம்தான் போன வருஷம் அவள் காலை வாரியது.

ஒரு மரச்சாமான் கடைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போகச் சொல்லி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. "சனிக்கிழமை வேணாம்மா, அவங்க பொழப்பே அன்னைக்குத்தான்" என்று மேற்பார்வை பார்க்கும் பெண்ணிடம் கெஞ்சிப் பார்த்தாள். "கூட்டத்துல எப்படி நடந்துக்கிறாங்கன்னுதான் கம்பெனி பாக்கணுமாம், அக்கா. நான் என்ன செய்ய?" என்றாள் அந்தப் பெண். கூடவே ஒரு புதுப் படிவத்தையும் அனுப்பினாள். பழைய படிவம்தானே, மேலட்டையை மாற்றியிருப்பார்கள் என்று இவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

கடையில் இவளை எதிர்கொண்டவர் நாற்பதைத் தாண்டியவர். பேசிப் பேசிக் கட்டிப்போன தொண்டை. இவள் நான்கு சோபாக்களில் உட்கார்ந்து எழுந்தாள். அவர் இவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, எழுந்திருக்கும்போது கை எங்கே ஊன்றுகிறது என்று பார்த்தார்.

"இது வேணாம்மா. விலை கூடத்தான், எனக்கும் லாபம்தான். ஆனா உள்ள அமுங்கிடும். ஒவ்வொரு தடவை எந்திரிக்கிறப்பவும் உங்க முட்டி என்னைத் திட்டும். அந்த ஓரத்துல இருக்கு பாருங்க, பாக்க அழகா இருக்காது, உங்களுக்கு அதுதான்."

பைக்குள் பொத்தான்கள் வரிசையாக இடம் மாறின. அந்த நேரத்தில் ஓர் இளம் தம்பதி, மாமனார், ஒரு நீளப் பட்டியல் ஆகியவை உள்ளே வந்தன. புது வீட்டுக்குப் போகிறவர்கள் என்று நடையிலேயே தெரிந்தது. விற்பனையாளர் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு, கஷ்டப்பட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"அவங்களப் பாருங்க தம்பி."

"இல்லம்மா, உங்கள முடிச்சிட்டு..."

"என்னை முடிக்க ராத்திரி ஆயிடும். போங்கன்னா போங்க!"

அவர் போனார். இரண்டு கட்டில், ஒரு சாப்பாட்டு மேசை, ஆறு நாற்காலி. விற்றுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து, "மன்னிச்சுக்கங்கம்மா, காக்க வெச்சுட்டேன்" என்றார். இவளுக்குத் தானே விற்றதுபோல மனசு நிறைந்திருந்தது. வழியெல்லாம் அந்த நாற்காலிகளை எண்ணிக்கொண்டே வீடு வந்தாள்.

வீட்டில் புதுப் படிவத்தைப் பிரித்தாள். பதினான்காவது கேள்வி அவள் முகத்தில் அறைந்தது. 'விற்பனையாளர் உங்களை விட்டுவிட்டு இடையில் வேறொருவரைக் கவனிக்கச் சென்றாரா?' சென்றார் என்றால் மொத்த மதிப்பெண்ணும் பூஜ்யம். பூஜ்யம் வாங்கியவருக்கு மூன்று மாதம் கமிஷன் பாதிதான்.

"இல்லைன்னு போட்டுட்டுப் போ" என்றார் கணவர். "நாள் முழுக்க பொய்தானே சொல்ற? சோபா வாங்குறேன், மெத்தை வாங்குறேன்னு. இதுல ஒண்ணு கூடினா என்ன?"

"கடைக்குள்ள சொல்றது வேஷம். இது என் கையெழுத்து. இன்னைக்கு நல்ல மனுஷனுக்காக மாத்தி எழுதினேன்னா, நாளைக்கு எவனாவது கடுகடுன்னு பேசினான்னு அவன் தலையிலயும் மாத்தி எழுதுவேன். என் பேனாவை எனக்கே நம்ப முடியாம போயிடும்."

'ஆம்' என்று எழுதினாள். குறிப்பு எழுத ஒன்றரை வரிதான் இடம் விட்டிருந்தார்கள். அதில் 'நான்தான் போகச் சொன்னேன்' என்று நெருக்கி எழுதினாள். அது போதாது என்று தோன்றியது. திங்கட்கிழமை காலையில் படிவத்தைக் கையிலெடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

மேற்பார்வைப் பெண் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "என்னக்கா இது! நீங்க போகச் சொன்னா இந்தச் சோதனையே செல்லாது. உங்களுக்குக் கூலி வராது. இன்னும் ரெண்டு இப்படி ஆச்சுன்னா உங்க பேரையே அடிச்சிருவாங்க."

"அடிக்கட்டும். செல்லாம போனா அவருக்குப் பூஜ்யம் கிடையாதுல்ல?"

"கிடையாது."

"அப்ப சரி." எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கறேம்மா, கோவிச்சுக்காத. நான் வாங்கப்போறதில்லன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். உன்னை அமர்த்தின கம்பெனிக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவர்தான். நாம எல்லாரும் அந்த முக்கா மணி நேரத்துக்குக் கூலி வாங்கறோம். அவர் மட்டும் தொண்டை வரளச் சும்மா பேசிட்டு நிக்கிறார். நிஜமா வந்த ஆளையும் நானே மறைச்சிட்டு உக்காந்திருந்தா, அதுக்குப் பேரு என்ன?"

அந்தப் பெண் கணினியை ஓரமாகத் தள்ளினாள். "எங்க அண்ணனும் கமிஷனுக்குத்தான் வாஷிங் மெஷின் விக்கிறான்" என்றாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள். "இப்ப சொன்னீங்கல்ல, அதை அப்படியே எழுதிக் குடுங்க. நான் மேல அனுப்புறேன். அழகா எழுதணும்னு மெனக்கெடாதீங்க."

எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு ஆறு வாரத்துக்கு எந்தச் சத்தமும் இல்லை. வேலையும் வரவில்லை. "பேரை அடிச்சிட்டாங்க போல. வா, என்கூட மின்தூக்கி பழுதுபாக்க" என்று கணவர் கேலி செய்தார். கேலி செய்தவரே தினமும் சாயங்காலம் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினார்.

ஏழாவது வாரம் மேற்பார்வைப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். மூச்சுவிடாமல் பேசினாள். சனிக்கிழமைச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. பதினான்காவது கேள்வியை எடுக்கவில்லை. ஆனால் 'வாடிக்கையாளரே அனுப்பினாரா?' என்று கீழே ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள், அனுப்பியிருந்தால் சோதனையும் செல்லும், மதிப்பெண்ணும் குறையாது. சோதனைக்காகச் செலவான நேரத்துக்கு விற்பனையாளருக்குக் கம்பெனி ஈடு கொடுக்கும். அந்த ஒரு கம்பெனி மட்டும்தான், அதுவும் ஆறு மாதத்துக்கு, நடத்திப் பார்க்கிறார்களாம். "மத்த கம்பெனிங்க வாயே திறக்கலை, அக்கா. இவங்களாவது திறந்தாங்களே!"

"ஆறு மாசம்னா, எத்தனை செவ்வாய்க்கிழமை!" என்றாள் இவள்.

அந்தக் கம்பெனிக்கே சொந்தமான ஒரு திரைச்சீலைக் கடையில்தான் புதுப் படிவத்தோடு முதல் சோதனை. விற்பனைப் பெண் ஒன்பது துணிச் சுருள்களை மேசைமேல் விரித்துக் காட்டினாள். ஜன்னல் எந்தத் திசை பார்த்தது, வெயில் எத்தனை மணிக்கு வரும் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்மா" என்று இவள் வெளியே வந்தாள். படிவத்தின் கடைசியில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'விற்பனையாளர் செலவிட்ட நேரம், நிமிடங்களில்'. கம்பெனி ஈடு கொடுப்பது இதைப் பார்த்துத்தான்.

எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு கண்ணாடி வழியே பார்த்தாள். அந்தப் பெண் ஒரு சுருளின் நுனியைத் தாடைக்கடியில் இடுக்கி, இரு கையாலும் துணியை இழுத்துச் சுருக்கமில்லாமல் சுற்றத் தொடங்கியிருந்தாள். இவள் போக வேண்டிய பேருந்து வந்து, நின்று, போயிற்று. நான்காவது சுருள். ஆறாவது. ஒன்று கோணிப்போக, அதை அவிழ்த்து முதலிலிருந்து சுற்றினாள். ஒன்பதாவது சுருள் அலமாரிக்குள் ஏறி, விற்பனைப் பெண் நிமிர்ந்து இடுப்பில் கை ஊன்றினாள். அதற்கப்புறம்தான் இவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.