கோழியா, வாத்தா?

கம்பியை முறுக்கி, கிட்டாரின் வயிற்றில் காதை வைத்து ஒரு தட்டுத் தட்டி, உடனே பாட ஆரம்பித்துவிடுகிறார் ஏசுரத்தினம். பழுது பார்க்க எந்தக் கிட்டார் வந்தாலும் அதற்கு முதல் பாட்டு இதுதான்:

"கூடைக்குள்ள கோழி வச்சேன், கூடை மட்டும் இருக்குது,
கோழி எங்க போச்சு தாத்தா, கொஞ்சம் சொல்லு தாத்தா!"

பாட்டில் வருகிற தாத்தா புளுகுவார். குளிக்கப் போச்சு என்பார், பூசைக்குப் போச்சு என்பார். மீசையில் மட்டும் இறகு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பசுந்தாங் ஓடைப் பக்கத்தில் பட்டறை. அக்கம்பக்கத்துப் பர்மாக்காரர்களுக்கு அவர் மரியாதையாக 'ஊ ஏசு'. வாலிபத்தில் ரேடியோவில் கேட்ட அமெரிக்கக் கன்ட்ரி பாட்டின் குதிரை நடையை இந்தப் பாட்டுக்குப் பூட்டியவர் அவர்தான். டிங்குச் சக்க, டிங்குச் சக்க என்று கோழியே குதிரை மேல் ஏறிப் போவதுபோல் இருக்கும்.

வருகிறவரிடம் கிட்டாருக்கு என்ன கேடு என்று கேட்கமாட்டார். "உங்க வீட்ல கோழியா, வேற எதுவுமா?" என்பார். ஒருவர் ஆடு என்றார். தையல்காரி ஹாஜரா, "எங்க வீட்ல தாத்தா இல்ல ஊ ஏசு, நன்னா. கோழியும் இல்ல, புறா" என்றாள். மனிதர் முக்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "அப்படிப் போடு! புறாவுக்குக் குதிரை நடை ஆகாதும்மா, மூணு தட்டுத்தான்!" அன்றைக்கெல்லாம் புறாதான் பறந்தது.

ஒன்றை மட்டும் ஒப்பமாட்டார். வாத்து.

அது ரோஸின் பாட்டு. ரோஸ் அவருக்கு நேர் இளையவள், ஒரே தொட்டிலில் ஆடியவள், ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் வாத்து வளர்க்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். "அம்மா வாத்துன்னுதான் பாடிச்சு" என்றாள் ஒரு கிறிஸ்மஸ் அன்றைக்கு. "புருஷன் வீட்டுக்காகப் பாட்டையே மாத்திட்டியா?" என்றார் இவர். போச்சு. அக்கரைக்கும் இக்கரைக்கும் படகு போகிறது, வருகிறது. அண்ணன் தங்கை பேச்சு மட்டும் போகவில்லை.

ரோஸின் கடைக்குட்டி ஆன்மேரிக்குப் போன மாதம் கல்யாணம். பத்திரிகை வைக்க மச்சான் மட்டும் வந்தார். ஏசுரத்தினம் கிட்டாரோடு போனார். மண்டபத்தில் ரோஸ் பிரியாணிச் சட்டியைப் பார்த்தபடி நின்றாள். அண்ணன் பக்கம் முகம் திரும்பவில்லை.

"மாமா, நீங்க பாடலேன்னா நான் கேக் வெட்டமாட்டேன்" என்றாள் ஆன்மேரி.

என்ன பாடுவது? கோழி என்றால் தங்கச்சி போய்விடுவாள். வாத்து என்றால் கோழி பாடிய அம்மா பொய்யாகிவிடுவாள். பழக்கம் விடவில்லை. கோழியே வந்தது. முதல் 'தாத்தா' வந்ததுமே மண்டபத்துப் பிள்ளைகள் எல்லாரும் கையை உயர்த்தி ஆட்டினார்கள்!

அவருக்குப் புரியவில்லை. "என்னம்மா, என்னைப் போகச் சொல்றாங்களா?"

ஆன்மேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பர்மாப் பேச்சுல டாட்டாவுக்குத் தாத்தான்னுதானே மாமா சொல்வோம்! கோழி டாட்டா சொல்லிட்டுப் போவுது. எங்க செட்டுல எல்லாரும் அப்படித்தான்."

"ஆத்தாடி, இப்படி ஒண்ணு இருக்கா!" இத்தனை வருஷம் தேடியும் அகப்படாத பாட்டு சொந்தத் தங்கச்சி வீட்டிலேயே கிடந்திருக்கிறது. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டிப் பக்கம் பார்த்தபடி, பாட்டை மறுபடி எடுத்தார்:

"கூடைக்குள்ள வாத்து வச்சேன்..."

சட்டியில் ரோஸின் கரண்டி நின்றது. 'தாத்தா' வந்தது, மண்டபமே கையை ஆட்டியது. ரோஸும் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி ஆட்டினாள். பிறகு திரும்பினாள். உயர்த்திய கையை இறக்காமல், உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, சாப்பிட வா என்று விரல்களை அசைத்தாள்.