ஒரு கட்டை குறைந்த பெட்டி

அந்தக் கட்டடத்தில் கீழே தையல் சாமான் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாம் மாடியில் பொம்மை நூலகம். பல் டாக்டரிடம் கத்திக் கூப்பாடு போட்ட பிள்ளைகளை அப்படியே ஒரு மாடி மேலே தூக்கிப்போய்விட்டால் போதும், அழுகை நின்றுவிடும். அந்த நூலகத்தை நடத்துகிறவளுக்குப் பொம்மையக்கா என்று பெயர். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயரும் ஒன்று உண்டு, வாசல் பலகையில் எழுதியும் இருக்கிறது. ஒரு ஈ காக்காகூட அதைப் படித்ததில்லை.

புத்தகம் எடுப்பது போலத்தான். பொம்மையை எடுத்துப் போக வேண்டும், இரண்டு வாரம் வைத்திருக்கலாம், திருப்பித் தர வேண்டும். திங்கட்கிழமை யாரும் வர முடியாது. அன்றைக்குப் பொம்மையக்கா திரும்பி வந்த பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி, ஜன்னலோரம் துண்டு விரித்துக் காயவைத்து, ஒவ்வொரு பெட்டியையும் கொட்டி எண்ணுவாள். பெட்டி மூடியின் உள்பக்கம் எத்தனை துண்டு என்று ஒட்டியிருக்கும். ஒன்று குறைந்தாலும் அந்தப் பெட்டி அலமாரியில் ஏறாது, பீரோ மேலே போய்விடும். "ஒரு துண்டு இல்லாம குடுத்தா பிள்ளை இல்லாததையே தேடிக்கிட்டு இருக்கும், இருக்கறத வெச்சு விளையாடாது" என்பாள். இதில் மட்டும் அவளிடம் யார் பேச்சும் எடுபடாது.

வாயும் கொஞ்சம் நீளம்தான். ஒன்பது மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அப்பா ரிமோட் கார் கேட்டார். "யாருக்கு, உங்களுக்கா?" என்றாள். மனிதர் அசடு வழிந்தார். அந்தக் குழந்தை அவர் சட்டைப் பித்தானைத் திருகுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூடி போட்ட நாலு டப்பாக்களை எடுத்துக் கொடுத்தாள். "திறந்து மூடட்டும். இப்ப இவளுக்கு அதுதான் வேலை." இன்னொரு அம்மா, பொத்தானை அமுக்கினால் பாடி ஆடி விளக்கெரியும் யானை வேண்டும் என்றபோது, "எல்லாத்தையும் பொம்மையே செஞ்சிட்டா பிள்ளை என்னம்மா செய்யும், கை தட்டுமா?" என்று கேட்டு வெறும் துணி யானையைக் கொடுத்தனுப்பினாள். அந்த யானை அந்த வீட்டில் இரண்டு வாரத்தில் டிரைவராகவும் காய்ச்சல்காரனாகவும் மாப்பிள்ளையாகவும் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வயதைப் பார்க்காதே, பிள்ளையின் கையைப் பார் என்பதுதான் அவள் கொள்கை. எந்தப் பிள்ளை வந்தாலும் ஒரு பார்வை போதும்.

பீரோ மேலே ஒரு சிவப்பு மூடிப் பெட்டி மட்டும் இரண்டரை வருடமாகக் கிடந்தது. நாற்பது மரக்கட்டைகள் இருக்க வேண்டிய பெட்டி. முப்பத்தொன்பதுதான் இருந்தது. இல்லாதது ஒரு வளைவுக்கட்டை. அரைவட்டமாகக் குடைந்த பாலம் மாதிரியான துண்டு. ஜோடியாக இரண்டு வரும், ஒன்றைக் காணோம். கடையில் சொன்னால் புதிதாக ஒன்று அனுப்பிவிடுவார்கள். அவள் சொல்லவில்லை. அது எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். தங்கை மகனின் டிராயர் பாக்கெட்டில் போனது.

தங்கைக்குக் கடல் தாண்டி வேலை. பையனுக்கு ஆறு மாதம் ஆனபோது, விசா சரியாகும்வரை பார்த்துக்கொள் என்று அக்காவிடம் விட்டுப்போனாள். விசா சரியாக இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவன் நடந்தது, பேசியது, காய்ச்சலில் கிடந்தது எல்லாம் இந்த மாடியில், இந்தப் பாயில். அந்த இரண்டு வளைவுக்கட்டைகளும் அவர்களுக்கு டெலிபோன். இவள் வாசல் பக்கம் ஒன்றைக் காதில் வைத்துக்கொள்வாள், அவன் மேசைக்கு அடியில் ஒன்றை வைத்துக்கொள்வான். "ஹலோ, பெரியம்மாவா?" "ஆமாங்க, யாரு பேசறது?" "நாந்தான்." நாந்தான் என்பதற்கு மேல் அவனுக்குப் பேச்சு ஓடாது, ஆனால் போனையும் வைக்க மாட்டான். இரண்டு வயது பத்து மாதத்தில் தங்கை வந்து கூட்டிப்போனாள். பெற்றவள் கூட்டிப்போவதில் தப்பென்ன இருக்கிறது? தப்பே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது, கோபப்படக்கூட ஆள் இல்லை.

முதல் இரண்டு மாதம் வீடியோவில் பார்த்தாள். பிறகு ஒருநாள் தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, உன்னைப் பாத்தா ரெண்டு நாள் சாப்பிடாம அழறான். கொஞ்ச நாள் வேணாமே. தப்பா எடுத்துக்காத." "அடி போடி, இதுல என்ன தப்பு? பிள்ளை நல்லா இருந்தா சரி" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டு ஊறவைத்திருந்த பொம்மைகளை இரண்டாம் தடவையும் அலசினாள். கொஞ்ச நாள் என்றது வருடக்கணக்கில் நீண்டது. தங்கை அவ்வப்போது போட்டோ அனுப்பினாள். போட்டோவில் கை சரியாகத் தெரியாது.

இப்போது மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று தங்கை வருகிறாள். ஒரு பகல் மட்டும் அக்காவிடம், இந்த மாடிக்கு. பையனும் வருகிறான். அவனுக்கு என்னைத் தெரியுமா? பொம்மையக்காவின் மண்டையைக் குடைந்தது இந்த ஒரே கேள்விதான்.

அவனுக்கென்று ஒரு பொம்மை எடுத்து வைக்கப் போனாள். ஊருக்கெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்துக் கொடுப்பவளுக்குக் கை ஓடவில்லை. முதலில் எடுத்தது பெரிய பெரிய மணிகளைக் கயிற்றில் கோக்கிற பெட்டி. பாயில் வைத்த பிறகுதான் உறைத்தது, அது மூன்று வயதுக்கு. 'அடி கிறுக்கி, அவனுக்கு அஞ்சு வயசு நாலு மாசம்!' தங்கையிடமே கேட்டாள். "அவன்கிட்ட இல்லாததுன்னு எதுவும் இல்லக்கா. ரூம் பூரா கிடக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு மேல எதையும் தொட மாட்டான்" என்றாள் தங்கை. கடைசியில் கோலி உருளும் சரிவுப்பாதை, கைப்பொம்மைகள், டாக்டர் பெட்டி என்று மூன்றை எடுத்துப் பாயில் வைத்தாள். தேர்வு எழுதப்போகிற பிள்ளை மாதிரி மூன்றையும் இடம் மாற்றி மாற்றி வைத்தாள்.

வந்தார்கள். பையன் வளர்ந்திருந்தான், முன்பல் ஒன்று ஆடியது. அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தான். "சொல்லுடா" என்று தங்கை முன்னே தள்ளினாள்.

"ஹலோ ஆன்ட்டி."

சுருக்கென்றது. ஓடிப்போய் அள்ளிக்கொள்ளக் கை பரபரத்தது. ஆனால் அவள் எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிற பாடம் ஒன்று இருக்கிறதே. புதுப் பொம்மையைப் பிள்ளை கையில் திணிக்காதே, பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடு, அதுவாக வரும். இன்றைக்கு அவளே புதுப் பொம்மை. "வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பாயிலிருந்து நாலடி தள்ளிப்போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது அவள்தான், உயிர் பாயில் கிடந்தது.

பையன் பாயில் இருந்த மூன்றையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலமாரி அலமாரியாக நடந்தான். பீரோவுக்கு முன்னால் நின்று அண்ணாந்தான்.

"அந்தச் சிவப்புப் பெட்டில என்ன?"

"அது யாருக்கும் குடுக்கறதில்ல. ஒன்னு குறையுது." பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

"எது குறையுது?"

அவள் முக்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். தூசியைத் துடைத்துப் பாயில் கொட்டினாள். பையன் குந்தி உட்கார்ந்து கட்டைகளை ஒதுக்கி, அந்த ஒற்றை வளைவுக்கட்டையை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்கிட்ட இருக்கு."

"அடப்பாவி! அந்தக் கட்டையா?" என்று தங்கை வாயில் கை வைத்தாள். "இங்கேருந்து வந்ததாக்கா அது? நானும் எத்தனை தடவ குப்பைல போட்டிருப்பேன். தேடி எடுத்துட்டு வந்துடுவான். வீடு நிறைய பொம்மை இருக்கு, இவனுக்கு அந்தக் கட்டைதான்."

"எங்கடா வெச்சிருக்க?" என்று கேட்டாள் பொம்மையக்கா.

"வீட்ல. சார்ஜ்ல போட்டிருக்கேன்."

தங்கை சிரித்துவிட்டாள். அக்காவால் சிரிக்க முடியவில்லை. "அது போனா? அதுல யார்கிட்ட பேசுவ?"

"பெரியம்மாகிட்ட. ஆனா அவ எடுக்கவே மாட்டா."

தங்கையின் சிரிப்பு நின்றது. பிறகு அவள் மெதுவாக, "டேய், இவங்கதான்டா உன் பெரியம்மா" என்றாள்.

பையன் பொம்மையக்காவைப் பார்த்தான். கையிலிருந்த கட்டையைப் பார்த்தான். பீரோவின் உச்சியை அண்ணாந்து பார்த்தான். அவன் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, நல்ல கோபம்.

"பெட்டிக்குள்ள போட்டு அங்க மேல வெச்சா எப்படிக் கேக்கும்?"

இரண்டரை வருடமாக அவன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். இவள் நூலக விதி பேசிக்கொண்டு போனைப் பெட்டியில் மூடிப் பீரோ மேல் ஏற்றி வைத்திருக்கிறாள். "தப்புதான்டா, ராஜா" என்றாள். கண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. கட்டையை வாங்கிக் காதில் வைத்து, "ஹலோ" என்றாள்.

"இப்ப இல்ல" என்றான் அவன். "என்னோடது வீட்ல இருக்குல்ல. போயிட்டு அடிக்கறேன். நீ எடு."

சாயங்காலம் கிளம்பும்போது கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. படியிறங்கும்போது திரும்பி, "வெளிய வெச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டான். வைத்திருக்கிறேன் என்று கட்டையைத் தூக்கிக் காட்டினாள். "ஞாயித்துக்கிழமை நிஜ போன்லயும் கூப்பிடறோம்கா" என்றாள் தங்கை, முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த திங்கட்கிழமை சிவப்புப் பெட்டியின் மூடியில் நாற்பதை அடித்து முப்பத்தெட்டு என்று எழுதி, பெட்டியை அலமாரியில் ஏற்றினாள். அப்போதிலிருந்து அந்த வளைவுக்கட்டை அவள் மேசைமேல், பேனா டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை சில வாரம் கூப்பிடுகிறாள், சில வாரம் மறந்துபோகிறாள்.

போன வாரம் பல் டாக்டரிடம் அழுதுவிட்டு வந்த ஒரு சின்னப் பெண் அந்தக் கட்டையை எட்டி எடுத்தாள். "அது குடுக்கறதில்லம்மா, எனக்கு அதுல போன் வரும்" என்றாள் பொம்மையக்கா. அந்தப் பெண் நம்பாமல் காதில் வைத்துப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் காயாமலே கொஞ்ச நேரம் உன்னிப்பாகக் கேட்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"இந்தாங்க. உங்களுக்குத்தான்."

பொம்மையக்கா வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுடா" என்றாள்.