நைனா பார்க்க வந்த எலி இதயம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரிலிருந்து தினமும் மின்சார ரயிலேறி, பட்டணத்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போய்வந்தேன். எலிகளின் இதயத்தில் இருக்கும் ஒரு நொதியைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதன் பெயர் அடினைலில் சைக்ளேஸ். வீட்டில் யார் வாயிலும் அது நுழையவில்லை. பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதைச் சுருக்கி 'சைக்கிள்' என்று வைத்துக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றும் முன்பே, "இன்னாமா, உன் சைக்கிள் இன்னிக்கு ஓடிச்சா?" என்பார்.

அந்தக் கோடையில் வேலை நேரத்திலேயே அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கூட வேலை செய்தவர்கள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கியது, சாயங்காலமானால் கால் வீங்கியது. வேலைக்குப் போக முடியவில்லை. ஷிப்ட் விட்டுத் தெருவில் வருகிறவர்களைப் பார்த்தபடி வாசலில் நின்றுகொண்டிருப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "நீ பாக்குற எலி நெஞ்ச நானும் பாக்கணும்."

அம்மா வேண்டாமென்றாள். "அங்க போயி எதுனா பாத்து பயந்துக்கினா?"

"என் நெஞ்சே இப்படி கீது. எலி நெஞ்சப் பாத்தா பயப்படப் போறேன்?"

பேராசிரியரிடம் அனுமதி வாங்கி ஒரு சனிக்கிழமை அழைத்துப்போனேன். தேய்த்த சட்டை போட்டு, வேலைக்குப் போகிற நாட்களைப் போலவே தலையைப் படிய வாரியிருந்தார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர் சீட்டுக்காரரிடம் தான் ஒரு வேலையாகப் போவதாகச் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில், ஒரு கண்ணாடிக் குழாயின் நுனியில் உடலிலிருந்து எடுத்த சுண்டைக்காய் அளவு இதயம் தொங்கியபடி, குழாய் வழியே இறங்கிய ஊட்டநீரில் தானாகவே துடித்துக்கொண்டிருந்தது. இளசான எலியின் இதயம். நைனா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அடுத்தவர் மிஷினைப் பார்க்கும்போது அப்படித்தான் நிற்பார்.

"பயந்தாலோ ஓடினாலோ ரத்தத்துல அட்ரினலின்னு ஒண்ணு வரும் நைனா. அது செல்லுக்கு வெளியில நின்னு தட்டும். உள்ள இருக்கிற இந்த நொதி அந்தச் சேதிய எடுத்துக்கினு போயி, 'வேகமா அடி'ன்னு சொல்லும்."

அட்ரினலின் ஒரு சொட்டு விட்டேன். இதயம் துள்ளியது. அடுத்த குழாயில் தொங்கிய கிழட்டு எலியின் இதயத்துக்கும் அதே அளவு விட்டேன். சற்று அசைந்து கொடுத்தது, அவ்வளவுதான். அவர் நெடுநேரம் அந்த இரண்டாவதையே பார்த்தார்.

"சேதி காதுல வுயுது. எயுந்துக்கதான் முடியல," என்றார். பிறகு, "அதுக்கு மருந்து கீதா?"

"அதத்தான் தேடறோம், நைனா."

அந்த நொதியை இன்னும் முடுக்கிவிட்டால் போதும் என்றுதான் அப்போது நானும் நம்பினேன். சில வருஷம் கழித்து ஓர் இளம் டாக்டர் நைனாவுக்கு நேர்மாறான மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்ரினலினின் சத்தத்தைக் குறைக்கிற மாத்திரை. சோர்ந்த இதயத்தை இன்னும் அடக்கலாமா என்று நான் வாதாடினேன். "சோர்ந்துபோன மாட்டை ராத்திரி பகலா சாட்டையால அடிச்சிக்கிட்டே இருக்கிற மாதிரிம்மா," என்றார் டாக்டர். "அடியை நிறுத்தினா கொஞ்சம் தேறும்."

முதலில் நைனா இன்னும் துவண்டுபோனார். இதுக்கு நீ எப்படி ஒத்துக்கினே என்பதுபோல அம்மா என்னை முறைத்தாள். பிறகு மெல்லக் கால் வீக்கம் வடிந்தது. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அம்மாவோடு நடக்க ஆரம்பித்தார். நானும் கூடப் போன ஒரு மாலையில் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு முன்னால் போய், தண்ணீரில் இறங்கிய நாரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேர்த்திருந்தது, மூச்சு வாங்கவில்லை. அப்படிச் சில நல்ல வருஷங்கள் கிடைத்தன.

நைனா போய்ச்சேர்ந்து வெகுகாலத்துக்குப் பிறகு, அந்த நொதியின் ஒரு வகை இல்லாமலே பிறந்த சுண்டெலிகள் அதிக நாள் வாழ்ந்ததையும் அவற்றின் இதயம் முதுமையிலும் கெடாமல் இருந்ததையும் படித்தேன். நொதியை முடுக்குவதைவிட அடக்குவதுதான் இதயத்துக்கு நல்லதுபோல என்று அம்மாவிடம் சொன்னேன். காபியை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த டாக்டரு நல்ல புள்ள," என்றாள். "நீதான் அவராண்ட சண்ட போட்டே."