இறங்காத கை

பல்கலைக்கழகத்தில் மாணவர் மன்றங்களைக் கவனிக்கும் அலுவலர் அவள். அறை வாசலில் 'மாணவர் பங்கேற்பு மற்றும் தலைமைப் பண்பு' என்று முழநீளத்துக்குப் பலகை தொங்கும். பிள்ளைகளுக்கு அவள் கையக்காதான். அந்தப் பேருக்குக் காரணம் அவள் கொண்டுவந்த ஒரே ஒரு சட்டம். கூட்டத்தில் யாராவது மறுப்புச் சொல்லக் கை தூக்கினால், பதில் கிடைக்கும்வரை அந்தக் கை இறங்கக் கூடாது. அது இறங்கும்வரை கூட்டமும் நகரக் கூடாது. நாடக மன்றத்துக்காரன் ஒருவன் திரைச்சீலையின் நிறம் பிடிக்காமல் கை தூக்கிவிட்டு, தோள் வலித்ததும் மறு கையால் முட்டுக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனாலும் பதில் சொன்னார்கள்.

"வீட்ல நான் கை தூக்கினா மட்டும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல" என்பார் பஸ் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர்.

"நீங்க தூக்கறது ரிமோட்டுக்குத்தானே" என்பாள்.

ஒருநாள் பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். மன்றங்கள் கூடுவதற்கென்று இருக்கும் ஒரே அறையை விருந்தினர் ஓய்வறையாக்கப் போகிறார்களாம். தச்சர் வந்து அளவெடுத்துவிட்டே போயாயிற்று.

"பசங்களே சம்மதிச்ச மாதிரி இருக்கணும். கூட்டம் போட்டுச் சொல்லிடுங்க. பங்கேற்புதானே உங்க வேலை?" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிவையும் இவர்களே எடுப்பார்களாம், தலையாட்ட மட்டும் பிள்ளைகளைக் கூப்பிடுவார்களாம், அதற்குப் பேர் பங்கேற்பாம். என்ன திமிர்! ஆனால் வாயில் வந்தது "சரிங்க சார்"தான்.

ஒரு கூட்டத்தில் அறிவிப்பது, அடுத்த கூட்டத்தில் சம்மதம் கேட்பது என்பது வழக்கம். அறிவிக்கும் கூட்டத்துக்கே பதிவாளர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மாற்று இடம் பிறகு ஒதுக்கப்படும் என்று அவள் வாசித்து முடித்ததும் பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. விவாத மன்றத்தில் சேர்ந்தும் அதுவரை வாயே திறக்காத முதலாண்டுப் பெண்.

"பிறகுன்னா எப்ப? அதுவரைக்கும் நாங்க எங்க கூடறது?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கையை இறக்கச் சொல்லுங்க" என்றார் பதிவாளர், கையக்காவிடம்.

கை இறங்கவில்லை. கூடமே கையக்காவைப் பார்த்தது. பதிவாளர் எழுந்து பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இந்த வேலையில நீங்க இருக்கணுமா, வேணாமா?"

"கையை இறக்கும்மா" என்றாள் கையக்கா.

அந்தப் பெண் இறக்கினாள். முறைத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஏதோ தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டது போல, "சாரிக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்து கையக்கா பாத்திரங்களைத் துலக்கிய துலக்கில் கணவர் எட்டிப் பார்த்தார். "அந்தாளு மேல இருக்கற கோபத்தை அதுங்க மேல ஏன் காட்டற?"

"அந்தாளு மேல இல்லங்க. அந்தாளு எப்பவும் அப்படித்தான். இறக்குன்னு சொன்னது என் வாயி."

அவர் துணியை எடுத்துப் பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த கூட்டம். பதிவாளர் இந்தத் தடவை மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று அவரே கேட்டார்.

ஒரு கைகூட எழவில்லை. திரைச்சீலைக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்திருந்தாள்.

பதிவாளர் முகமெல்லாம் பல்லாகக் கையக்கா பக்கம் திரும்பினார். "எவ்வளவு பக்குவமா நடந்துக்கறாங்க பாருங்க. நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவள் கையைத் தூக்கினாள்.

"என்ன மேடம்?"

"பிறகுன்னா எப்ப சார்? அதுவரைக்கும் இவங்க எங்க கூடறது?"

"விளையாடாதீங்க. கையை இறக்குங்க."

"பதில் சொல்லுங்க, இறக்கறேன்."

"நாளைக்கு நீங்க எந்த செக்ஷன்ல இருப்பீங்கன்னு தெரியுமா?"

"தெரியாது சார். இவங்க எங்க இருப்பாங்கன்னு சொல்லுங்க."

பதிவாளர் பேனாவை மூடினார், திறந்தார். கூடத்தில் யாரும் எழுந்து போகவில்லை. அந்தப் பெண் மடியில் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள். கையக்காவுக்குத் தோள் வலிக்கத் தொடங்கியது. மறு கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டாள்.